மண்ணுக்கடியில் கிடக்கும் சாட்சிகள்



புதையல் என்ற சொல்லுக்கு மயங்காதவர் யார்? நம்ம தோட்டங்களிலும் அந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. பழைய துரை பங்களாவுக்குப் பின்னால ஜப்பான்காரன் தங்கத்தைப் புதைச்சு வச்சிட்டுப் போயிட்டான் என்பார் ஒருவர். ஆற்றங்கரையில முந்தின காலத்துக் காசுப் பானை இருக்குது என்பார் இன்னொருவர். முன்பு இவை வெற்றிலை போடும் நேரத்துப் பேச்சோடு நின்றுவிடும். இன்று அப்படியல்ல. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் மெட்டல் டிடெக்டர் கருவியை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாம். பல நாடுகளில் வேலை முடிந்த மாலை வேளையில் பழைய கோட்டை, பழைய சாலை, பழைய போர்க்களம் என்று இதைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பலருக்குப் பொழுதுபோக்கு. ஆகவே இந்தக் கருவியால் வரலாற்றுக்கு என்ன நன்மை, என்ன கேடு என்பதை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இக்கருவியின் தத்துவம் எளிது. கீழே வட்டமாக இருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும்போது, அதைச் சுற்றிக் காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் ஓர் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மாற்றத்தைக் கருவி உணர்ந்து 'பீப்' என்று சத்தம் போடுகிறது. ஒரு காசு என்றால் சுமார் ஒரு சாண் ஆழம் வரையில் தெரியும். பெரிய பொருளாக இருந்தால் இன்னும் ஆழத்திலும் தெரியும்.

இதன் கதை பழையது. 1881ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். அவர் உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்து கொண்டுவந்தார். கட்டிலில் இருந்த இரும்புக் கம்பிச் சுருள்கள் குழப்பிவிட்டன, குண்டு அகப்படவில்லை, அதிபரும் பிழைக்கவில்லை. பிறகு இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், பிரிட்டனில் இருந்த போலந்து இராணுவ அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி கையில் தூக்கிச் செல்லும் கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். 1942இல் எல் அலமேன் பாலைவனப் போரில் அது பல உயிர்களைக் காத்தது. போர் முடிந்ததும் அதே வகைக் கருவி பழம்பொருள் தேடுவோர் கைக்கு வந்தது.

ஆனால் மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கருவிக்கு உலோகம் மட்டும்தான் கேட்கும். மரம் கேட்காது, எலும்பு கேட்காது, பானை ஓடு கேட்காது, கண்ணாடி மணி கேட்காது. இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். சிலாங்கூரில் பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1964இல் ஒரு சிறு மண்மேட்டுக்கு அடியில் இரண்டு பழைய வெண்கல முரசுகள் கிடைத்தன. வடவியட்நாம் பக்கத்து டோங் சோன் நாகரிகத்தைச் சேர்ந்த வகை அவை. முரசுகளுக்குக் கீழே ஒரு மரப்பலகை இருந்தது. சுற்றிலும் மணிகளும் மண்பாண்டங்களும் இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பலகையைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தித்தான், அவை சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்று மதிப்பிட முடிந்தது. வெண்கலத்துக்கு வயது சொன்னது மரக்கட்டை! முரசை மட்டும் பிடுங்கிக்கொண்டு பலகையை எறிந்திருந்தால் அந்தச் சாட்சி அன்றோடு செத்திருக்கும்.

இதற்கு மாறாக, நம் நாட்டில் பகாங், பேராக், சிலாங்கூர் ஆகிய மாநிலங்களில் மிகப் பழைய இரும்புக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. மலாய்க்காரர்கள் அவற்றை 'தூலாங் மாவாஸ்', அதாவது மாவாஸ் குரங்கின் எலும்பு என்றார்கள். கை இரும்பாக உள்ள ஒரு குரங்கு காட்டில் திரிந்தது என்பது அவர்கள் கதை. இவற்றில் பல, உழும்போதும் ஈயம் தோண்டும்போதும் தனித்தனியாக அகப்பட்டவை. எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால், கையில் மிஞ்சுவது துருப்பிடித்த இரும்பும் ஒரு குரங்குக் கதையும்தான்.

ஒரு பழம்பொருளுக்கு அது கிடந்த இடந்தான் பிறப்புப் பத்திரம். பத்திரம் தொலைந்தால் பிள்ளை இருக்கும், பேரும் ஊரும் இருக்காது. நம் தமிழுக்கே இப்படி ஒன்று நேர்ந்திருக்கிறது. 1836ஆம் ஆண்டு வாக்கில் நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், வாங்கரை என்ற பகுதிக்கு அருகில் மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் கிழங்கு அவிப்பதைக் கண்டார். அருகில் போய்ப் பார்த்தால் அது ஒரு மணியின் பாகம். அதில் இருந்த எழுத்து தமிழ் எழுத்து! முகையதீன் பெயர் கொண்ட ஒரு கப்பலின் மணி என்று பிறகு படித்தறிந்தார்கள். அவர் ஓர் இரும்புப் பானையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இன்று அது வெலிங்டன் நகரில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேருக்கடியில் கிடைத்ததாக மாவோரி மக்கள் சொன்னார்கள். எந்த மரம், எந்த இடம், பக்கத்தில் கப்பல் பலகை ஏதும் இருந்ததா? ஒன்றும் பதிவாகவில்லை. தமிழ்நாட்டுக் கப்பல் அங்கே போனதா, வேறு யாரோ மணியை மட்டும் கொண்டுபோனார்களா என்று இன்றுவரை முடிவாகவில்லை. தமிழ் எழுத்து இருந்தும், பேசவேண்டிய சாட்சி ஊமையாய் நிற்கிறது.

அதே கருவியை முறையாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் 1876 ஜூன் 25இல் ஒரு பெரும் போர் நடந்தது. கஸ்டர் என்ற தளபதியும் அவரோடு இருந்த படையினரும் செவ்விந்தியர்களான லக்கோட்டா, செயென் வீரர்களால் கொல்லப்பட்டார்கள். கஸ்டரோடு நின்றவர்களில் கதை சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. செவ்விந்தியப் பெரியவர்கள் சொன்னதைப் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1983இல் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளியே தெரிந்தது. மறு ஆண்டு, தொல்லியல் அறிஞர்கள் மெட்டல் டிடெக்டர் பழகிய தொண்டர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். சத்தம் வந்த இடத்தில் எல்லாம் ஒரு சிறு கொடி நட்டார்கள். இடத்தை அளந்து எழுதாமல் எந்தப் பொருளையும் எடுக்கவில்லை. தோட்டாக் கூடுகளில் இருந்த அடையாளத்தைக் கொண்டு, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கண்டார்கள். முடிவு என்ன தெரியுமா? செவ்விந்தியப் பெரியவர்கள் சொல்லி வந்ததில் பெரும்பகுதி சரி என்று மண்ணே சாட்சி சொல்லிற்று. படிக்காதவர் பேச்சு என்று தள்ளிவைத்ததை, இடம் குறித்து எடுத்த சின்னஞ்சிறு பித்தளைக் கூடு தூக்கி நிறுத்தியது.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். பெடாஸ் இருப்பது ரெம்பாவ் மாவட்டத்தில். ரெம்பாவ் ஆறு லிங்கி ஆற்றில் போய்ச் சேருகிறது. லிங்கி ஆறு அந்தக் காலத்தில் வெறும் ஆறு அல்ல. சுங்கை ஊஜோங் ஈயம் படகேறி மலாக்காவுக்குப் போன பாட்டை அதுவே. அதன் கரையில் பெங்காலான் கெம்பாஸ் என்னும் இடத்தில் ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் நினைவிடம் இருக்கிறது. 1467ஆம் ஆண்டைக் குறிப்பதாகக் கருதப்படும் கல்வெட்டுத் தூண் அங்கே நிற்கிறது. மலாக்காவைச் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம் அது. தூணின் இரண்டு பக்கங்களில் ஜாவி எழுத்து. இரண்டு பக்கங்களில் இந்திய எழுத்து மரபிலிருந்து வளர்ந்த பழைய எழுத்து. ஒரே கல்லில் இரண்டு உலகங்கள்! பக்கத்தில் வாள், அகப்பை, சுக்கான் என்று பெயர் பெற்ற உயரமான கற்கள் நிற்கின்றன. துளையுள்ள கல் ஒன்றும் உண்டு. பொய் சொன்னவன் கையை அதில் விட்டால் துளை இறுகிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. ஐவர் எவன்ஸ் என்ற அருங்காட்சியக அதிகாரி அவ்விடத்தை அகழ்ந்து 1921இல் விவரமாக எழுதி வைத்தார். இத்தகைய நெடுங்கற்கள் நெகிரி செம்பிலானிலும் மலாக்காவிலும் பல இடங்களில் உண்டு. 'பத்து ஹிடுப்', உயிருள்ள கல் என்பார்கள். பார்த்தவுடன் நம்ம ஊர் நடுகல் நினைவுக்கு வரும். அதற்காக இவை நம்முடையவை என்று அவசரப்பட்டுச் சொல்வது வரலாறு ஆகாது. நட்டவர்கள் யார் என்பதை அந்த மண்தான் சொல்லவேண்டும். அதனால்தான் அப்படிப்பட்ட இடத்தில் ஆசைக்கு ஒரு குழி தோண்டுவதும் பெருந்தீங்கு.

எழுதி வைப்பதன் அருமைக்கு இன்னொரு சான்று. கெடா மாநிலம் பூஜாங் பள்ளத்தாக்கில் இருந்த 11ஆம் எண் கோயில் அடித்தளம், நிலத்தைத் திருத்தும்போது இடித்துத் தள்ளப்பட்டது என்ற செய்தி 2013 டிசம்பரில் வெளிவந்து நாடே திடுக்கிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது ஒரு பொழுதில் போயிற்று. முன்பே ஆராய்ச்சியாளர்கள் எண் போட்டு எழுதி வைத்திருந்ததால்தான், அங்கே ஒன்று இருந்தது என்றாவது நமக்குத் தெரிகிறது.

சட்டத்தையும் அறிந்துகொள்வோம். 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் இடத்தில் இப்போது 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டம் இருக்கிறது. பாரம்பரிய மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருள் தற்செயலாக அகப்பட்டாலும் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ உடனே தெரிவிக்கவேண்டும். பழம்பொருளுக்காக அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். போர்க்காலத்துக் குண்டு போல ஏதும் தெரிந்தால் தொடவே கூடாது. பிள்ளைகளை விலக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள்.

அப்படியானால் நமக்கு இதில் வேலையில்லையா? நமக்குத்தான் நிறைய வேலை! பழைய லயம் இருந்த இடத்தில் மழை மண்ணை அரித்தால் என்னென்ன தலைகாட்டும்? தேய்ந்த பால்வெட்டும் கத்தி, தகரக் கூரை ஆணி, மங்கு கட்டிய கம்பி, வாளிப் பிடி, 1919க்கும் 1945க்கும் இடையில் வெளிவந்த சதுரச் சென் காசு. ஒரு கிலோ இவ்வளவு என்று நிறுத்து வாங்கும் பழைய இரும்பு லாரிக்காரருக்கு இவை வெறும் இரும்பு. நமக்கோ இவை பாட்டன் பூட்டன் கைபட்ட ஆவணம். அரசர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. காடு வெட்டி, ரப்பர் நட்டு, கொசுக்கடியிலும் காய்ச்சலிலும் மாண்டவர்களுக்கு யார் கல்வெட்டு வைத்தார்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல லயங்கள் இருந்த இடம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இன்னும் சில ஆண்டில் நம்ம ஆட்கள் இங்கே இருந்ததற்குச் சாட்சி எது என்று நம் பிள்ளைகளே கேட்கும் நிலை வரும்.

ஆகவே மாணவர்களே, கருவி வாங்கப் பணம் தேடவேண்டாம். ஒரு பென்சிலும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். வீட்டில் கிடக்கும் பழைய பொருள் ஒன்றை எடுங்கள். என்று, யாரால், எந்தத் தோட்டத்தில், எத்தனாம் நம்பர் காட்டில் பயன்பட்டது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். நம்ம நடமாட்டத்தில் தரைமேல் ஏதும் தென்பட்டால், கோயிலிலிருந்து எத்தனை எட்டு, கிணற்றிலிருந்து எத்தனை எட்டு என்று அளந்து எழுதுங்கள். பக்கத்தில் கிடந்த பானை ஓட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல்தூள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். துருவுக்குள்ளும் செய்தி இருக்கும். பிறகு ஆசிரியரிடம் காட்டுங்கள்.

எந்தக் கருவிக்கும் கேட்காதது இன்னொன்று உண்டு. அது பெரியவங்க மனசுக்குள் கிடப்பது. ஜப்பான் காலத்தில் அச்சடித்த வாழைமர நோட்டு காகிதம். அது 'பீப்' என்று கத்தாது. 1942, 1943இல் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போய்த் திரும்பாத ஆளின் பெயரும் கத்தாது. கேட்டால்தான் கிடைக்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது நமக்கு வேண்டாம். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு வந்து குந்தினால், "போ, வேற வேலை இல்லையா?" என்று விரட்டிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். லிட்டில் பிக்ஹார்னில் பெரியவர்கள் சொன்னதற்குப் பின்னாளில் மண் சாட்சி சொன்னது. நம்ம மண்ணும் ஒரு நாள் சாட்சி சொல்ல வரும். அன்று ஒத்துப்பார்க்க நம்ம வீட்டில் எழுத்து இருக்கவேண்டும்.