1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் இழப்பின் மதிப்பீடும்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். மட்டக்களப்பு மாவட்டத் தென்னையிற் பத்தில் ஒன்பது பங்கு, சுமார் 28,000 ஏக்கர், அழிந்ததென்பர். அரசு 60 கோடி ரூபாவுக்கு மேற் செலவிட்டதாகக் கூறப்படுகின்றது. இவ்வெண்கள் இழப்பு முழுவதையும் காட்டுகின்றனவா என்பதே ஈண்டு எழும் வினாவாகும்.

தென்னையை எடுத்துக்கொள்வோம். வீழ்ந்த மரத்துக்கு ஒரு விலையிட்டு அதனை இழப்பென எழுதுதல் எளிது. ஆனால் புதிதாக நாட்டிய ஊர்த்தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுத் தேங்காயும் உரியவருக்கு இழப்பே. காய் பறிப்போரும் தும்பு அடிப்போரும் கிடுகு பின்னும் பெண்களும் அதே காலத்துக்குத் தொழிலிழப்பர். ஒரு மரமேனும் சொந்தமாக இல்லாத இவர்கள் சொத்திழப்புப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவ்வாறே கல்வீட்டின் சேதம் பெருந்தொகையாகவும், கிடுகு வீட்டின் அழிவு சிறுதொகையாகவும் பதியப்படும். முன்னையது ஒருவரின் செல்வத்தில் ஒரு பகுதி. பின்னையதோ மற்றொருவரின் செல்வம் முழுவதும். பணத்தால் மட்டும் அளக்கும் கணக்கு வறியோரின் இழப்பைச் சிறிதாக்கிவிடுகின்றது.

காலமும் இக்கணக்கை மறைத்தது. நாட்டிய கன்றுகள் காய்க்கும் முன்னரே, 1983இல், நாடு போர்க்காலத்துட் புகுந்தது. பின்னர் சூறாவளியால் வந்த வறுமையையும் போரால் வந்த வறுமையையும் பிரித்தறிதல் அரிதாயிற்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. இழப்பு குறைத்து மதிப்பிடப்படின், அதனைத் தடுக்கும் செலவு வீண்செலவாகத் தோன்றும். 2004 டிசெம்பர் 26இல், சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஒன்றரை மணி நேரத்துக்கு மேற் சென்ற பின்னரே ஆழிப்பேரலை எமது கிழக்குக் கரையை அடைந்தது. அவ்விடைவேளையைப் பயன்படுத்த இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். எச்சரிக்கை அமைப்பின் செலவைக் கணக்கிடுதல் எளிது. அஃதின்மையின் விலையை அன்று கண்டோம். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அதன் பின்னரே இயற்றப்பட்டது.

1978இன் கணக்கு இன்னும் நிறைவுறவில்லை. எத்தனை குடும்பங்கள் கடனில் வீழ்ந்தன, எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நீங்கினர், எந்த ஆண்டில் மீண்டும் தேங்காய் விற்றனர் என்பவற்றை அறிந்த முதியோர் இன்றும் எம்மிடையே உள்ளனர். அவர்கள் மறையுமுன் அவற்றைக் கேட்டெழுதுதல் வரலாற்று மாணவர் கடனாகும். அனர்த்தத்தின் மறுநாள் எடுக்கும் கணக்கு நிவாரணத்துக்கு உதவும். ஆண்டுகள் கடந்து எடுக்கும் கணக்கே வருமுன் காப்பதற்கு வழிகாட்டும்.