எஃப்-5 போர் விமானம்

எஃப்-5, அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் உருவாக்கிய, இரட்டை எஞ்சின் பூட்டிய இலகுரக மீயொலிப் போர் விமானம். தொடக்க வகைகளான ஏ, பி இரண்டும் ‘ஃப்ரீடம் ஃபைட்டர்’ என்றும், 1972 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்த இ வகை ‘டைகர் 2’ என்றும் அழைக்கப்பட்டன.

1950-களில் போர் விமானங்களின் எடையும் விலையும் ஏறிக்கொண்டே இருந்தன. வெல்கோ காசிச் தலைமையிலான நார்த்ராப் பொறியாளர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போனார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜே85 எஞ்சின். பி-52 விமானத்திலிருந்து ஏவி, எதிரியின் ரேடாரை ஏமாற்றுவதற்கான ‘குவெய்ல்’ என்ற போலி இலக்குக்காகச் செய்யப்பட்ட சின்னஞ்சிறு எஞ்சின் அது. அதை நம்பி வரைந்த என்-156 திட்டத்திலிருந்து டி-38 பயிற்சி விமானமும் எஃப்-5-உம் பிறந்தன. போர் விமானத்தின் முன்மாதிரி 1959 ஜூலை 30 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் பறந்து, முதல் பறப்பிலேயே ஒலியின் வேகத்தைத் தாண்டியது. அமெரிக்க விமானப்படைக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. 1962-இல் கென்னடி அரசுதான் நேச நாடுகளுக்கு இராணுவ உதவியாக வழங்க இதைத் தேர்ந்தெடுத்தது.

பெரிய பட்டறை வசதி இல்லாத நாடுகளும் பராமரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே வடிவமைப்பின் அடிப்படை. வால்பகுதியைக் கழற்றினால் எஞ்சின்களை வெளியே எடுத்துவிடலாம். ஆனாலும் டயர், பிரேக், ரப்பர் அடைப்பான்கள், டர்பைன் இதழ்கள் எல்லாம் தேயும். விமானியை இருக்கையோடு வெளியே வீசும் வெடிபொதிகளைப் பயன்படுத்தாவிட்டாலும் காலக்கெடு முடிந்ததும் மாற்றியாக வேண்டும். உதிரிபாகம் அனுப்புகிற நாட்டோடு உறவு முறிந்தால், விமானம் பறப்பதும் நிற்பதும் கிடங்கில் மிஞ்சியிருப்பதைப் பொறுத்தது.

வியட்நாமில் இது நடந்தது. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்தபோது கைப்பற்றிய எஃப்-5-களைப் புதிய அரசு கம்போடியப் போரில் பயன்படுத்தியது. சிலவற்றைச் சோவியத் ஒன்றியத்துக்கும் போலந்து, செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் ஆய்வுக்காக அனுப்பியது. புதிய பாகங்கள் வர வழியில்லாததால் மற்றவை காலப்போக்கில் முடங்கின.

1979 புரட்சிக்குப் பின் அமெரிக்க வரத்து நின்றுபோன ஈரான் வேறு விதமாகச் சமாளித்தது. ஒரு விமானத்தைப் பிரித்து இன்னொன்றை ஓடவைத்தது; பாகங்களை உள்நாட்டிலேயே செய்யப் பழகியது. அதன் நீட்சியாக வந்தவையே இரட்டை வால் கொண்ட ‘சாயெகே’யும், 2018-இல் காட்டப்பட்ட ‘கௌசர்’-உம். சொந்தத் தயாரிப்பு என்று ஈரான் பெருமையாகச் சொன்னாலும், எஃப்-5-ஐ அறிந்தவர் கண்ணுக்கு அதன் உடற்கூடு தப்பாது.

உறவு கெடாத நாடுகளுக்குச் சிக்கல் குறைவு. கனடா, ஸ்பெயின், தைவான், தென் கொரியா ஆகியவை உரிமம் பெற்றுத் தம் ஆலைகளிலேயே இதைத் தயாரித்தன. நெதர்லாந்து கழித்த விமானங்கள் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் போயின. எம்பிரேயர், எல்பிட் நிறுவனங்களைக் கொண்டு பிரேசில் ரேடாரையும் விமானி அறையையும் புதுப்பித்துக்கொண்டது. ஜே85-இன் குடிசார் வடிவமான சிஜே610 பழைய லியர்ஜெட்களில் இருப்பதும், டி-38 அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் நீடித்ததும் எஞ்சின் பாகங்களின் வரத்து அறுந்துபோகாமல் காத்தன.

1986-இல் வெளியான ‘டாப் கன்’ படத்தில் ‘மிக்-28’ என்ற கற்பனை விமானமாக நடித்ததும் எஃப்-5-தான். அமெரிக்கக் கடற்படை, பயிற்சிச் சண்டைகளில் எதிரியாகப் பறக்கவிட, சுவிட்சர்லாந்து பயன்படுத்திய எஃப்-5-களை விலைகொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறது.