களிம்பு

சாரல் விழுந்ததும் சுரண்டைப் பக்கம் வேலியோரமெல்லாம் குப்பைமேனி தழைத்துவிடும். அதன் இலைச்சாற்றைத் தேங்காய் எண்ணெயில் விட்டுச் சிறுதீயில் காய்ச்சினால் முதலில் சடசடக்கும். நீர் சுண்டச் சுண்டச் சத்தம் அடங்கும். அடியில் தங்கிய கசடு விரலில் மெழுகாய் உருண்டால் அது மெழுகுபதம். வடிகட்டி, சூட்டோடு தேன்மெழுகைக் கரைத்து ஆறவிட்டால் களிம்பு. சொறி சிரங்குக்குப் பூசுவார்கள்.

செம்புக் குடத்தில் ஏறும் பச்சைப் படிவுக்கும் களிம்பு என்றே பெயர். புளி போட்டுத் தேய்க்கிறோமே, அதுதான். உயிரோடு ஒட்டிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பில் களிம்பு. நீக்க வேண்டிய அழுக்கும் பூச வேண்டிய மருந்தும் ஒரே சொல்லில்! இரண்டும் ஒட்டிப் படிபவை. களிமண்ணின் ‘களி’ இதிலும் என் காதில் விழுகிறது.

சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் களிம்பும் ஒன்று. பற்று, பூச்சு, பசை, களி எல்லாம் அங்கே தனித்தனி. அத்தனையையும் ‘ஆயின்ட்மென்ட்’ விழுங்கிவிட்டதில் எனக்கு வருத்தம்தான். புண்ணுக்குப் போடும் மத்தன் தைலத்தில் ஊமத்தைச் சாற்றோடு மயில்துத்தமும் சேரும். மயில்துத்தம் செம்பின் உப்பு. தைலத்தின் பச்சையில் களிம்பு என்ற சொல்லின் இரு பொருளும் தொட்டுக்கொள்கின்றன. ஊமத்தை நஞ்சு, அதை மட்டும் வீட்டில் காய்ச்ச வேண்டாம்.