மண்ணெண்ணெய் கற்றுத்தந்த பாடம்

வெறும் தேவை 'கேள்வி' ஆகாது. ஒரு பொருளை வாங்கும் விருப்பமும் அதற்கான பணமும் சேர்ந்தால்தான் பொருளியலில் அது கேள்வி.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. இப்படி ஒரு பொருளின் விலை ஏறும்போது குறைவது அதன் கேள்வித் தொகை. விலை மாறாமலே கேள்வி மாறுவது வேறு. வருமானம், ஏனைய பொருட்களின் நிலை, விருப்பு, சனத்தொகை, எதிர்பார்ப்பு என்பன அதற்குக் காரணங்கள்.

பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எனக்கு இவை பாடப்புத்தகத்துக்கு முன்பே பழக்கம். மின்சாரம் இல்லை, விளக்குக்கு மண்ணெண்ணெய். பெற்றோல் இல்லை, மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே பிரதியீடு. பாதை பூட்டப்போகிறார்கள் என்ற கதை வந்தாலே கடை வாசலில் வரிசை, அது எதிர்பார்ப்பு. பின்னர் மின்சாரம் வந்தது, ஜாம்போத்தல் விளக்கு மூலைக்குப் போனது.

ஆனால் சிறு படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கு அப்படி எளிதான பிரதியீடு இல்லை. எரிபொருள் வாங்க முடியாத கடற்றொழிலாளி கரையிலேயே நிற்கிறார். விற்பனைக் கணக்கு குறைவை மட்டும் காட்டும்; அவருடைய தேவையைக் காட்டாது. நிவாரணம் திட்டமிடுவோர் பார்க்கவேண்டியது அந்த இடைவெளியைத்தான்.