புதைபடிவ நத்தைகளும் பழஞ்சூழல் ஆய்வும்

நிலத்திலும் நன்னீரிலும் வாழ்ந்து மடிந்த நத்தைகளின் ஓடுகளை மண்ணடுக்குகளிலிருந்து பிரித்தெடுத்து, இனம் கண்டு, எண்ணி, அவை வாழ்ந்த காலத்தின் நிலம், நீர், தாவரம், தட்பவெப்பம் ஆகியவற்றை அறிய முயலும் ஆய்வு நிலவியல், தொல்லுயிரியல், தொல்லியல் ஆகிய மூன்று துறைகளுக்கும் பொதுவானது. காடு எப்போது அழிந்தது, ஏரி எப்போது வற்றியது, இன்று நாம் இயற்கை என்று கருதும் நிலக்காட்சி உண்மையில் மனிதன் உருவாக்கியதா போன்ற கேள்விகளுக்கு, சில மில்லிமீட்டர் அளவே உள்ள இந்த ஓடுகள் விடை தந்துள்ளன.

நத்தை ஏன் நல்ல சாட்சி

நத்தை மெதுவாக நகரும் உயிரினம். சூழல் பிடிக்கவில்லை என்றால் பறவையைப் போல வேறிடம் தேடிப் பறந்துவிட அதனால் முடியாது. ஈரம், நிழல், சுண்ணாம்புச் சத்து ஆகியவை தனக்கு ஏற்ற அளவில் உள்ள இடத்திலேயே அது பிழைக்கும். ஆகவே ஓர் ஓடு கிடைத்த இடம் பெரும்பாலும் அந்த நத்தை வாழ்ந்த இடமாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்கும். மகரந்தத் தூள் காற்றில் பல கிலோமீட்டர் பயணம் செய்யக்கூடியது. அது ஒரு வட்டாரத்தின் கதையைச் சொல்லும். நத்தையோ காலடி நிலத்தின் கதையைச் சொல்லும்.

நன்னீர் நத்தைகளின் உடலமைப்பும் ஆய்வாளருக்கு உதவுகிறது. லிம்னியா, பைசா போன்றவை நுரையீரலால் சுவாசிப்பவை. ஆக்சிஜன் குறைந்த தேங்கிய குட்டையிலும் அவை வாழும். பித்தினியா, வால்வாட்டா போன்றவை செவுள் கொண்டவை. ஓரளவு தெளிந்த, நிலையான நீர் அவற்றுக்குத் தேவை. ஓர் அடுக்கில் இரண்டாம் வகை மிகுந்து, அதன் மேலடுக்கில் முதல் வகை மட்டும் எஞ்சினால், அங்கிருந்த நீர்நிலை சுருங்கிச் சேற்றுக் குட்டையானது என்று ஊகிக்கலாம்.

கடந்த சில லட்சம் ஆண்டுகளின் நத்தை இனங்களில் மிகப் பல இன்றும் உயிருடன் உள்ளன. அவற்றின் வாழ்க்கை முறையை நேரில் கவனித்து, அந்த அறிவைப் பழைய அடுக்குகளுக்குப் பொருத்த முடிவது இத்துறையின் அடித்தளம்.

தொடக்கம்: லோயஸ் மண்ணின் புதிர்

ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லோயஸ் எனப்படும் மஞ்சள் நிற நுண்மண் தடித்த படிவாகக் கிடக்கிறது. 1830களில் சார்லஸ் லயல் இதை ஆராய்ந்தபோது, அதில் கடல் சிப்பிகள் இல்லாமல் நில நத்தைகளின் ஓடுகள் நிறைந்திருப்பதைக் கவனித்தார். அவை அப்பகுதியில் இன்றும் வாழும் இனங்களை ஒத்திருந்தன. நீர் கொண்டுவந்து படியவைத்த வண்டல் என்றே அம்மண் அப்போது கருதப்பட்டது.

பின்னர் சீனாவின் லோயஸ் நிலங்களில் பயணம் செய்த பெர்டினாண்ட் வான் ரிக்ட்ஹோபன், 1870களில் அதைக் காற்று வாரிக் கொண்டுவந்த தூசி என்று வாதிட்டார். நில நத்தைகளின் ஓடுகள் அவருடைய முக்கியச் சான்றுகளுள் ஒன்று. ஒரு படிவு எப்படி உருவானது என்ற பெரிய வழக்கில் நத்தை சாட்சி சொன்ன தொடக்க நிகழ்வுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

சேகரிப்பிலிருந்து கணக்கெடுப்புக்கு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஏ. எஸ். கென்னார்ட், பி. பி. உட்வர்ட் ஆகிய இருவரும் அகழாய்வு இடங்களிலிருந்து வந்த ஏராளமான ஓடுகளை இனம் கண்டு பட்டியலிட்டனர். ஈரம் விரும்பும் இனங்கள் கிடைத்தால் அக்காலத்தில் மழை மிகுதி என்று கொள்வது அன்றைய வழக்கம். ஆனால் அதே ஈரத்தை மரநிழலும் தரும். தட்பவெப்பம் மாறியதா, மரங்கள் வெட்டப்பட்டனவா என்பதை வெறும் இனப்பட்டியலால் பிரித்தறிய முடியவில்லை.

இந்தத் தடையை நீக்கியவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பி. டபிள்யூ. ஸ்பார்க்ஸ் ஒவ்வோர் அடுக்கிலும் ஒவ்வோர் இனமும் எத்தனை என்று எண்ணி, விழுக்காடாக்கி, வரைபடமாகக் காட்டும் முறையை வளர்த்தார். 1961இல் வெளியான கட்டுரையில் நன்னீர் இனங்களை நான்காகப் பிரித்தார்: மோசமான, அடிக்கடி வற்றும் நீரையும் பொறுப்பவை; எல்லா நீரிலும் வாழ்பவை; தாவரம் அடர்ந்த மெதுநீரில் வாழ்பவை; ஓடும் நீரை விரும்புபவை. செக்கோஸ்லோவாக்கியாவில் வோயென் லோஷெக் லோயஸ் அடுக்குகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட பழைய மண்களையும் தொடர்ந்து ஆராய்ந்தார். குளிர்ந்த உலர்காலப் புல்வெளி நத்தைகளும் வெப்பக்காலக் காட்டு நத்தைகளும் மாறி மாறி வருவதை விளக்கும் அவருடைய பெருநூல் 1964இல் வெளிவந்தது.

ஈமத்திட்டையின் அடியில் ஒரு காடு

தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகள் இன்று மரமற்ற புல்வெளிகள். அவை என்றுமே அப்படித்தான் இருந்தனவா? ஜான் ஜி. எவன்ஸ் இக்கேள்வியை நத்தைகளைக் கொண்டு ஆராய்ந்தார். ஏவ்பரிக்கு அருகிலுள்ள சவுத் ஸ்ட்ரீட் என்னும் புதிய கற்கால நெடுந்திட்டை 1960களில் அகழப்பட்டது. திட்டை எழுப்பப்பட்டபோது அதன் அடியில் மூடப்பட்ட பழைய நிலப்பரப்பு, சுமார் ஐந்தரை ஆயிரம் ஆண்டுகளாகக் கலையாமல் இருந்தது.

அம்மண்ணில் டிஸ்கஸ், கரிக்கியம் போன்ற நிழல் விரும்பும் நத்தைகள் முதலில் காணப்பட்டன. பிறகு அவை குறைந்து, வல்லோனியா போன்ற திறந்தவெளி இனங்கள் பெருகின. அதே நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஏர் கீறிய தடங்களும் தெரிந்தன. அங்கே காடு இருந்தது, வேளாண் மக்கள் அதை வெட்டி உழுதனர், பின்னர் புல் படர்ந்த நிலத்தின் மேல் திட்டையை எழுப்பினர் என்ற வரிசை இதனால் தெளிவானது. 1972இல் எவன்ஸ் வெளியிட்ட 'தொல்லியலில் நில நத்தைகள்' என்னும் பொருள்படும் நூல் இத்துறையின் பாடநூலானது.

எனினும் இந்த முடிவை எல்லா இடத்துக்கும் நீட்டிவிட முடியாது. கிரான்போர்ன் சேஸ் போன்ற பகுதிகளில் பின்னர் நடந்த ஆய்வுகள், சில சுண்ணாம்பு நிலங்களில் அடர்காடு முழுமையாக மூடியிருக்கவில்லை என்று காட்டின. நத்தை தன் இடத்தைப் பற்றி மட்டுமே பேசும் என்பதால், ஒவ்வொரு குன்றையும் தனியாக விசாரிக்க வேண்டியுள்ளது.

எரிமலைகளுக்கு இடையே குளங்கள்

இந்தியாவில் இவ்வாய்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. தக்காணத்தின் எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு இடையே மெல்லிய வண்டல் படிவுகள் உள்ளன. அவற்றிலிருந்து மால்கம்சன் திரட்டிய பைசா பிரின்செப்பி என்னும் நத்தையை 1840இல் சோவர்பி விவரித்தார். நாக்பூரில் சமயப்பணி செய்த ஸ்டீபன் ஹிஸ்லாப்பும் ராபர்ட் ஹண்டரும் டாக்ளி முதலிய இடங்களில் ஓடுகளையும் தாவர எச்சங்களையும் திரட்டினர். 1860இல் ஹிஸ்லாப் அந்த ஓடுகளை விரிவாக விவரித்தார்.

இவை தேங்கிய ஆழமற்ற நன்னீரில் வாழ்ந்தவை. எனவே எரிமலைக் குழம்பு இடைவிடாமல் பொங்கவில்லை. இடையிடையே ஓய்வு இருந்தது. அப்போது குளங்கள் உருவாகி உயிர்கள் திரும்பின என்பது தெரியவந்தது. ஆனால் காலத்தைக் கணிப்பதில் ஹிஸ்லாப் பிழைபட்டார். டைனோசர்கள் அழிந்த பிந்தைய மூன்றாம் யுகத்தைச் சேர்ந்தவை என்று அவர் கருதினார். இன்றைய கதிரியக்கக் காலக்கணிப்பின்படி தக்காண எரிமலைகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தப் பேரழிவை ஒட்டிய காலத்தில் பொங்கியவை. நத்தை சூழலைச் சரியாகச் சொல்லியது. காலத்தைச் சொல்ல வேறு சான்று தேவைப்பட்டது.

இலங்கையின் மழைக்காட்டு நத்தைகள்

இலங்கையின் பட்டதொம்பலென குகையில் மரங்களில் வாழும் அக்காவஸ் நத்தையின் ஓடுகளும் பலுடோமஸ் என்னும் நன்னீர் நத்தையின் ஓடுகளும் பெருமளவில் கிடைத்தன. சுமார் 36,000 ஆண்டுகளுக்கு முன்னரே மழைக்காட்டில் மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அக்குகை சான்று. இவை மனிதர் தேர்ந்தெடுத்து உண்டு எறிந்தவை. ஆகவே இங்கே எண்ணிக்கை காட்டின் அளவைக் காட்டாது. காடும் ஓடையும் எட்டும் தொலைவில் இருந்தன என்பதையும், மக்களின் உணவையும் காட்டும்.

ஆய்வு முறை

அடுக்குக்கு அடுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ மண் எடுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைப்பர். மிதக்கும் ஓடுகளை 0.5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் வடித்து, எஞ்சிய மண்ணையும் அலசி, நுண்நோக்கியின் கீழ் பிரிப்பர். உடைந்த ஓடுகளை இருமுறை எண்ணாமலிருக்க நுனிப்பகுதி அல்லது வாய்ப்பகுதியை மட்டும் கணக்கில் கொள்வர்.

ஓட்டின் வேதியியலும் பயன்படுகிறது. ஆக்சிஜன் ஐசோடோப்புகள் மழையையும் வெப்பத்தையும், கார்பன் ஐசோடோப்புகள் நத்தை தின்ற தாவர வகையையும் உணர்த்தும். கிளென் குட்பிரெண்ட் 1990இல் நெகேவ் பாலைவன நத்தைகளைக் கொண்டு அங்கு முன்பிருந்த மழையளவை ஆராய்ந்தார். 2011இல் கிர்ஸ்டி பென்க்மன் குழுவினர், பித்தினியாவின் ஓட்டுமூடியிலுள்ள அமினோ அமிலச் சிதைவைக் கொண்டு பிரிட்டனின் பனியூழிப் படிவுகளுக்குக் கால வரிசை அமைத்தனர்.

வரம்புகள்

அமிலத்தன்மை மிக்க மண்ணில் ஓடு கரைந்துவிடும். வெள்ளம் பல இடத்து ஓடுகளை ஒன்றாகக் கலக்கும். செசிலியாய்டஸ் என்னும் நத்தை மண்ணுக்குள் ஆழமாகத் துளைத்து வாழ்வதால் பழைய அடுக்கில் புதிய ஓடாகக் கலந்துவிடும். எனவே அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சுண்ணாம்புக் கல்லைத் தின்னும் நில நத்தையின் ஓடு, கதிர்க்கரிமக் கணிப்பில் உண்மையை விட முந்தைய காலத்தைக் காட்டலாம்.

ஆகவே நத்தைச் சான்றை மகரந்தம், விலங்கெலும்பு, மண்ணியல் ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். வாழிடம் அழிவதால் இன்று நில நத்தைகள் பல அருகி வருகின்றன. உயிருள்ள நத்தையைக் கவனித்தே பழைய ஓட்டின் பொருளை அறிகிறோம் என்பதால், ஓர் இனம் மறையும்போது பழஞ்சூழலைப் படிக்க உதவும் ஒரு திறவுகோலும் அதனுடன் மறைகிறது.