பள்ளி அறிவியலைத் தாங்கிய நிறுவனப் பணம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் திறன் தேடல் போட்டி 1942-இல் தொடங்கியது. வெஸ்டிங்ஹவுஸ் என்ற மின்கருவி நிறுவனம் பணம் தந்தது; சயின்ஸ் சர்வீஸ் என்ற அமைப்பு போட்டியை நடத்தியது. பத்திரிகை அதிபர் எட்வர்ட் ஸ்க்ரிப்ஸும் விலங்கியல் அறிஞர் வில்லியம் ரிட்டரும் 1921-இல் நிறுவிய இந்த அமைப்பு, அறிவியல் செய்திகளைப் பிழையின்றிப் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்க்கப் பாடுபட்டது. பள்ளிகளில் இயங்கிய அறிவியல் மன்றங்களை ஒருங்கிணைக்கும் வேலையையும் 1941-இல் அது ஏற்றது. அந்த மன்றங்களே புதிய போட்டிக்கு அடித்தளமாயின.

அது உலகப் போர்க்காலம். விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் பெருமளவில் தேவைப்பட்டார்கள். வளரும் தொழில்துறைக்குத் தேர்ந்த ஆட்கள் பள்ளியிலிருந்தே உருவாக வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கும் அக்கறை இருந்தது. பள்ளியின் இறுதி ஆண்டு மாணவர்கள் திறனறித் தேர்வு எழுதி, கட்டுரையும் அனுப்பினார்கள். தேர்வான 40 பேர் வாஷிங்டனுக்கு வரவழைக்கப்பட்டு, நடுவர்களின் நேர்காணலைச் சந்தித்தார்கள். பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகையாக வழங்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ஒரு மாணவனும் ஒரு மாணவியும் முதலிடம் பெற்றார்கள். காலப்போக்கில் மாணவர் தாமே செய்த ஆய்வே தேர்வின் மையமாயிற்று.

1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அதன் அதிர்ச்சியில் 1958-இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் கற்பிப்பதற்கு மத்திய அரசின் நிதியைத் திறந்துவிட்டது. அதற்கு 16 ஆண்டுகள் முன்பே ஒரு தனியார் நிறுவனம் இந்தத் துறைக்கு வந்திருந்தது.

போட்டியின் பலன் பின்னாளில் தெரிந்தது. 1947-இல் இறுதிச்சுற்றுக்கு வந்த லியான் கூப்பர் 1972-இலும், 1950-இல் வந்த ஷெல்டன் கிளாஷோ 1979-இலும் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். கிளாஷோவுடன் அதே ஆண்டில் இறுதிச்சுற்றில் இருந்த பால் கோஹன், 1966-இல் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கத்தை வென்றார்.

ஆனால் இந்த மூவருமே நியூயார்க் நகரின் சிறப்பு அறிவியல் பள்ளிகளில் படித்தவர்கள். கூப்பரும் கிளாஷோவும் 1938-இல் தொடங்கப்பட்ட பிராங்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள். கோஹன் ஸ்டைவசன்ட் பள்ளியில் படித்தவர். நல்ல ஆய்வுக்கூடமும், ஆய்வுக்கு வழிகாட்டும் ஆசிரியரும், பக்கத்திலேயே பல்கலைக்கழகமும் வாய்த்த பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர்களை அனுப்பின. அந்த வசதிகள் இல்லாத ஊர்களின் பள்ளிகளுக்கு இறுதிச்சுற்று எட்டாத தொலைவில் இருந்தது. தனி மாணவருக்குத் தரும் பரிசால் மட்டும் இந்தக் குறையைத் தீர்க்க முடியவில்லை.

வெஸ்டிங்ஹவுஸ் 1995-இல் சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனத்தை வாங்கி, 1997-இல் அந்தப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது. தொழில் மாறியதும் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த உறவு முடிந்தது. 1998-இல் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல் நிதிப் பொறுப்பை ஏற்றது. அரையிறுதிக்குத் தேர்வாகும் மாணவரோடு அவருடைய பள்ளிக்கும் 1,000 டாலர் வழங்கும் முறை இன்டெல் காலத்தில் ஏற்பட்டது. 2017 முதல் மருந்து நிறுவனமான ரீஜெனரான் போட்டியை ஆதரிக்கிறது. பத்தாண்டுகளுக்கு 10 கோடி டாலர் தர அது உறுதியளித்தது. முதல் பரிசு 2,50,000 டாலராக உயர்ந்தது. அரையிறுதிக்குத் தேர்வாகும் 300 பேருக்கும் தலா 2,000 டாலர், ஒவ்வொருவருக்காகவும் அவரது பள்ளிக்கு 2,000 டாலர் என்று தொகை இரட்டிப்பானது. அந்த நிறுவனத்தின் அறிவியல் தலைவர் ஜார்ஜ் யான்கோபூலோஸ், 1976-இல் பிராங்ஸ் பள்ளியிலிருந்து இதே போட்டியின் இறுதிச்சுற்றுக்கு வந்தவர்.

மூன்று நிறுவனங்கள் மாறியும் போட்டி நிலைத்ததற்குக் காரணம், அதை நடத்தும் பொறுப்பு லாப நோக்கற்ற ஒரே அமைப்பிடம் தொடர்ந்து இருந்ததுதான். நிறுவனங்களின் ஆதரவு வரும், போகும். அந்தப் பணம் ஆய்வுக்கூடமாகவும் ஆசிரியர் பயிற்சியாகவும் சாதாரணப் பள்ளிகளைச் சென்றடையும்போதுதான் அதன் பயன் எல்லா மாணவருக்கும் கிடைக்கும்.