வரித் தவிர்ப்பு

(பெயர்ச்சொல்) சட்ட வரம்புக்குள் நின்றபடியே கட்ட வேண்டிய வரியைக் குறைத்துக்கொள்ளுதல். பொய்க் கணக்குக் காட்டுவது வரி ஏய்ப்பு, அது குற்றம்.

‘தவிர்’ என்றால் நீக்கு, விலக்கு. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப்பட்டான். அங்கே தவிர்த்தவன் வரி வாங்கும் அரசன்; இன்று தவிர்ப்பவை வரி கட்ட வேண்டிய நிறுவனங்கள்.

வரித் தவிர்ப்பின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். முதலீட்டை ஈர்க்க அயர்லாந்து நிறுவனங்களுக்கு 12.5 விழுக்காடு வரியே வைத்தது. அங்கே ஆப்பிள் பெற்ற தனிச்சலுகை சட்டவிரோதமானது என்ற ஐரோப்பிய ஆணையத்தின் முடிவை 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது; ஆப்பிள் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை 1,300 கோடி யூரோ. பின்லாந்திலோ நிறுவனங்களின் வரி விவரம் ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடப்படுகிறது.

சட்டத்தோடு இத்தகைய வெளிப்படையான வழக்கமும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தவிர்ப்பு குறையும்.